கீல் நின்றது, சாவி வந்தது

ஸ்பெயின் நாட்டு மரச்சாமான் விலைப்பட்டியல் ஒன்றை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க உட்காருபவருக்கு அகராதி தேவைப்படும். அதே பட்டியலைக் கோயம்புத்தூரில் ஒரு தச்சு ஆசாரிக்கு வாசித்துக் காட்டினால் பாதி அவருக்கே புரிந்துவிடும். மேசா என்றால் மேசை. அர்மாரியோ என்றால் அலமாரி. திறவுகோலுக்கு ஸ்பானியர் சொல்லும் யாவே அவர் காதுக்குப் பிடிபடாது. ஆனால் அதற்கு உடன்பிறந்த போர்ச்சுகீசியச் சொல்லான ஷாவே காதில் விழுந்த உடனே சாவி என்று சொல்லிவிடுவார். அடுத்த வரியில் பிசாக்ரா என்று வரும்போது மட்டும் அவர் நின்றுவிடுவார். அது கதவை நிலையோடு சேர்க்கும் கீல். கோவையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் மேற்கே, கணவாய்க்கு அப்பால் பாலக்காட்டில் இருக்கும் தச்சருக்கு அந்தச் சொல்லும் தெரியும். போர்ச்சுகீசியருக்கும் ஸ்பானியருக்கும் பொதுவான அந்தச் சொல்தான் மலையாளத்தில் விஜாகிரி என்று வழங்குகிறது. ஆனால் அந்தப் பாலக்காட்டுத் தச்சர் சாவியைத் தாக்கோல் என்பார். தாழைத் திறக்கும் கோல் என்ற பழைய தமிழ்ச் சொல், தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்து மலையாளத்தில் தங்கிவிட்டது. ஆக, ஒரே கதவு. கணவாயின் ஒரு பக்கம் கீல் சொந்தமாக நின்றது, சாவி கடலோரத்திலிருந்து வந்தது. மறுபக்கம் சாவி சொந்தமாக நின்றது, கீல் கடலோரத்திலிருந்து வந்தது. இந்த முரண் ஏன் என்று கேட்டால், கொங்கு நாட்டு வீடு எப்படி மாறியது, யார் கையால் மாறியது என்ற வரலாறு கிடைக்கிறது.

வழக்கமாகச் சொல்லும் விடை எளிமையானது: இல்லாத பொருள் வந்தது, அதன் பெயரும் கூடவே வந்தது. மேசைக்கு இது பொருந்தும். தரையில் சம்மணமிட்டு உண்டு, தரையிலே பாய் விரித்துப் படுத்த வீட்டில் உயரமான மேசைக்கு வேலை இல்லை. ஜன்னலுக்கும் ஓரளவு பொருந்தும். சாளரம், பலகணி, காலதர் என்று இலக்கியத்தில் சொற்கள் உண்டுதான். ஆனால் கொங்கின் தொட்டிக்கட்டு வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் நடுவிலிருக்கும் தொட்டி வழியாக வந்தன. வெளிச்சுவரில் இருந்தவை கை நுழையும் அளவு துவாரங்களே. கம்பி போட்டு, இரட்டைக் கதவு வைத்து, தெருவைப் பார்க்கத் திறக்கும் ஜன்னல் வேறு பொருள். அந்தக் கம்பிக்குப் பெயராக வந்த கிராதியும் ஜன்னலைப் போலவே போர்ச்சுகீசியச் சொல்தான். ஆனால் பூட்டும் திறவுகோலும் புதியவை அல்ல. தாழ், தாழ்ப்பாள், தாழ்க்கோல், திறவுகோல் எல்லாம் பழைய இலக்கியத்திலேயே இருக்கின்றன. இருந்த பொருளுக்குப் பெயர் மாறியிருக்கிறது. கீலோ இதற்கு நேர் எதிர். இரும்புக் கீல் பின்னால் வந்த பொருள், ஆனால் அதற்குத் தமிழ்ப் பெயரே நிலைத்தது. புதுப் பொருளுக்குப் புதுப் பெயர் என்ற விடை, சாவியிடமும் கீலிடமும் தோற்றுப்போகிறது.

கீல் ஏன் பின்னால் வந்தது என்பதைப் பழைய கதவைப் பார்த்தால்தான் விளங்கும். தொட்டிக்கட்டு வீட்டின் தலைவாசல் கதவு ஒரே கனப் பலகையில் செய்தது. அதன் ஒரு பக்க விளிம்பின் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் மரத்திலேயே உருட்டிச் செதுக்கிய முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் குடுமி என்று பெயர். மேல் குடுமி நிலையின் மேல்கட்டையில் குடைந்த துளைக்குள் நுழையும். கீழ்க் குடுமி வாசற்படியில் குடைந்த குழியில் உட்காரும். கதவின் எடை முழுவதும் அந்தக் குழியில்தான் இறங்கும். குழிக்கு எண்ணெய் விட்டு வந்தால் கனமான கதவும் ஒரு குழந்தையின் கைக்குத் திரும்பும். விடாமல் போனால் முனகும். ஆண்டுக்கணக்கில் உராய்ந்து குழி ஆழமானால் கதவு தாழ்ந்து படியில் தேயும். அப்போது கீழ்க் குடுமிக்கு அடியில் தகடு வைத்துத் தூக்கிவிடுவார்கள். இரும்பே இல்லாமல் இயங்கும் இந்தக் கதவுக்குக் கீல் தேவைப்படவில்லை. இரும்பு சேர்ந்தது தாழ் பகுதியில் மட்டும்தான்: கொண்டி, அதை வாங்கிக்கொள்ளும் நாதாங்கி, சங்கிலி. இந்தச் சொற்களில் பாதி உடம்பிலிருந்து எடுத்தவை. குடுமி தலையில் இருப்பது. நாதாங்கி நாவைத் தாங்குவது. பலகைக் கதவு போய், இலேசான சட்டக் கதவும் இரட்டைக் கதவும் வந்து, குடுமி வேலையை இரும்பு ஏற்றுக்கொண்டபோது, அதற்கும் உடம்பிலிருந்தே பெயர் கிடைத்தது. முழங்கால் மடங்கும் இடமும் கீல்தான், அங்கே வரும் நோய் கீல்வாதம்தான்.

இரண்டாவது விடை ஒன்றும் உண்டு: ஆள்பவர் மொழி மக்கள் வாயில் ஏறும் என்பது. கடலோர வரலாற்றைப் படித்தவர்கள் இதை எளிதில் நம்புவார்கள். யாழ்ப்பாணத்தை வைத்து இதைச் சோதிக்கலாம். அதைப் போர்ச்சுகீசியர் 1619 முதல் 1658 வரையும், அதன்பின் டச்சுக்காரர் 1790கள் வரையும் நேரடியாக ஆண்டனர். அங்கே நாற்காலிக்குக் கதிரை என்று பெயர், அது போர்ச்சுகீசியம். மேசை இழுப்பறைக்கு லாச்சி என்று பெயர், அது டச்சு. அலமாரி அலுமாரி ஆகியிருக்கிறது. இவ்வளவும் ஆட்சி வாதத்துக்குச் சாதகம். ஆனால் அதே யாழ்ப்பாணத்தில் சாவிக்குத் திறப்பு என்றும், கீலுக்குப் பிணைச்சல் என்றும் பெயர். போர்ச்சுகீசியர் ஆண்ட ஊர் திறவுகோலுக்குத் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டது. போர்ச்சுகீசியர் ஒரு நாளும் ஆளாத கொங்கு, மதுரை நாயக்கர் கையிலிருந்து மைசூர் கைக்கும், திப்பு வீழ்ந்த 1799-க்குப் பிறகு கம்பெனி கைக்கும் போன உள்நாடு, சாவி என்று சொல்கிறது. ஆட்சி எங்கெல்லாம் இருந்தது என்பதைக் கொண்டு இந்தச் சொற்களின் இருப்பிடத்தைக் கணிக்க முடியாது.

அப்படியானால் சாவி கொங்குக்கு எந்த வழியாக வந்தது? கணவாய் வழியாக அல்ல, அங்கே தாக்கோல் நிற்கிறது. வடக்கே மைசூர் வழியாகவும் அல்ல, கன்னடத்தின் பொதுவழக்கில் அது பீகத கை, அதாவது பூட்டின் கை. தெலுங்கில் தாளம் செவி, பூட்டின் காது. இந்துஸ்தானி பேசிய படைகள் மூலம் வந்தது என்று சொல்ல இடமுண்டு. அங்கேயும் போர்ச்சுகீசியச் சொல் உண்டு, அலமாரியும் உண்டு. இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் இந்தியில் அது சாபி. தமிழில் நிற்பது போர்ச்சுகீசிய மூலத்தில் இருக்கும் வகர ஒலி. மேலும் ஜன்னல் என்ற சொல் இந்தியின் பொதுவழக்கில் இல்லை, அங்கே கிட்கி. கன்னடமும் தெலுங்கும் அந்தக் கிட்கியைத்தான் எடுத்துக்கொண்டன. ஆகவே ஜன்னல் வடக்கிலிருந்து வந்திருக்க முடியாது. சாவியும் ஜன்னலும் தமிழ் வழங்கும் கடலோரத்தில், தூத்துக்குடி, நாகப்பட்டினம், சாந்தோம் போன்ற இடங்களில் தமிழாகி, அங்கிருந்து தமிழ் பேசும் தச்சரும் வியாபாரியும் வழியாக உள்நாட்டுக்கு நடந்து வந்திருக்க வேண்டும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சந்தையும் தேரோட்டமும் உள்ள ஊர்களுக்குச் சொற்கள் படையெடுப்பு இல்லாமலே வந்து சேரும்.

தமிழையும் போர்ச்சுகீசியத்தையும் எதிரெதிரே நிறுத்தி எழுதியவர்கள் ஏசு சபைப் பாதிரிகள். அவர்களில் அந்தோம் தெ ப்ரோயென்சா தொகுத்த தமிழ் போர்ச்சுகீசிய அகராதி 1679-ல் அம்பழக்காட்டில் அச்சானது. அந்த ஊர் இன்றைய திருச்சூர் மாவட்டத்தில், கணவாயின் மேற்கு வாயிலுக்குத் தெற்கே இருக்கிறது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் கொண்ட அந்த நூல் வெளிவரும் முன்பே, 1666-ல், அவர் காவிரிக் கரையிலுள்ள தொட்டியத்தில் காலமானார். வத்திக்கானில் இருந்த பிரதியைக் கொண்டு தனிநாயகம் அடிகள் 1966-ல் மலேசியாவில் மறுபதிப்புக் கொண்டுவந்தார். தமிழ்ச் சொற்களுக்குப் போர்ச்சுகீசியத்தில் பொருள் தேடியவர் கொங்கின் கிழக்கு வாசலில் இறந்தார், அவர் நூல் மேற்கு வாசலருகே அச்சேறியது. எதிர்த்திசையில் போன சொற்களை, அதாவது போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவற்றை, எந்தப் பாதிரியும் உட்கார்ந்து மொழிபெயர்க்கவில்லை. பட்டறையில், கடையில், கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவை வாய்வழியே மாறின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924-க்கும் 1936-க்கும் இடையே வெளிவந்தபோதுதான் சாவி, மேசை போன்றவற்றின் பக்கத்தில் போர்ச்சுகீசியம் என்ற குறிப்பு முறையாக ஏறியது.

இனி என் வாதத்தைச் சொல்கிறேன். ஒரு பொருளின் பெயர் நிலைப்பதும் மாறுவதும் இரண்டைப் பொறுத்தது. அந்தப் பொருளுக்கு வீட்டில் ஏற்கெனவே ஓர் உறவு இருந்ததா என்பது ஒன்று. அதை உள்ளூர்க் கை செய்ததா என்பது இன்னொன்று. இரண்டும் இருந்த இடத்தில் தமிழ்ப் பெயர் நின்றது. இரண்டில் ஒன்று இல்லாதபோது வெளிப்பெயர் உள்ளே வந்தது. கீலுக்குக் குடுமி என்ற உறவு இருந்தது. அதை அடித்துக் கொடுக்க ஊரில் கொல்லர் இருந்தார். வருஷத்துக்கு இத்தனை வள்ளம் என்று களத்துமேட்டில் தானியம் அளந்து வாங்கிக்கொண்டு, கலப்பைக் கொழுவும் கவலை ஏற்றத்துக்கு வேண்டிய இரும்பும் வண்டிப் பட்டையும் செய்தவர் அவர். கீல் என்பது அவருக்கு இரண்டு பட்டைத் தகடு, சுருட்டிய விளிம்பு, நடுவில் ஒரு கம்பி, அவ்வளவுதான். தன் கையால் செய்ததற்கு அவர் தன் சொல்லையே வைத்தார். பூட்டு அப்படி அல்ல. உள்ளே வில்லும் நெம்பும் வைத்து, திருகித் திறக்கும்படி செய்யும் பூட்டு தனித்தொழில். கலப்பை செய்யும் பட்டறையில் அது நடக்காது. சந்தையில் வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய தாழ்க்கோல் உள்ளே நுழைத்துத் தாழை நகர்த்தும் கோல். புதியது சிறியது, இடுப்பில் செருகிக்கொள்ளக் கூடியது, திருகப்படுவது. விற்றவர் சொன்ன பெயரே வாங்கியவர் வாயிலும் வந்தது.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். திண்டுக்கல் பூட்டு தமிழ்க் கையால் செய்ததுதானே? கொங்கின் தெற்கு எல்லையை ஒட்டிய அந்த ஊரில் ஆசாரிமார் அரத்தால் ராவி, ஒவ்வொரு பூட்டையும் தனித்தனியே செய்தார்கள். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று அழகான பெயர்களும் வைத்தார்கள். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின் ஏன் அதைத் திறப்பது சாவி? காலவரிசைதான் இதற்கு விடை. அந்தத் தொழில் தழைத்தபோது சாவி என்ற சொல் தமிழில் ஊறிப்போயிருந்தது. ஆனாலும் கவனிக்க வேண்டியது, அவர்கள் புதிதாக உருவாக்கிய வகைகளுக்கு வைத்த பெயர்களில் பல தமிழ். மாங்காய் வடிவம் மாங்காய் ஆயிற்று. கை உள்ளூருக்கு வந்ததும் பெயரிடும் உரிமையும் கூடவே வந்தது. முன்பே வந்து உட்கார்ந்த சொல்லை அது எழுப்பவில்லை, புதிய சொல்லைத் தன் மொழியில் வைத்தது.

நாற்காலி இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி. மேற்கே கசேர, தெற்கே கடல் கடந்து கதிரை, இரண்டும் ஒரே போர்ச்சுகீசிய மூலம். தமிழ்நாட்டில் மட்டும் நாற்காலி. முக்காலி என்ற உறவு இருந்தது. கால் கடைந்து பலகை பொருத்தும் தச்சர் ஊரில் இருந்தார். ஒரு கால் கூடியதும் பெயரும் அதற்கேற்ப மாறியது. மரத்துக்கும் குறைவில்லை. ஆனைமலைத் தேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் கப்பல் கட்டப் போன அளவுக்கு இங்கே விளைந்தது. ஆனால் மேசையையும் இதே தச்சர்தானே செய்தார், அது ஏன் பலகைக்கால் என்றோ வேறெதுவோ ஆகவில்லை? அங்கே கை இருந்தது, உறவு இல்லை. கச்சேரி, தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், பாதிரியார் பங்களா ஆகிய இடங்களில் அதைப் பார்த்து, அங்கே சொன்ன பெயரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அலமாரி சற்றுக் கடினமான கேள்வி. சுவரில் மாடம் இருந்தது, மேலே அட்டாலி இருந்தது, தானியத்துக்குத் தொம்பை இருந்தது, துணிமணிக்குப் பெட்டி இருந்தது. இவற்றில் எதுவும் நின்றபடி முன்பக்கம் கதவு திறக்கும் சாமான் அல்ல என்று நான் சொல்வேன். பெட்டி மேலே திறப்பது என்ற வேறுபாடு மட்டும் போதுமா என்று ஒருவர் கேட்டால், அந்த ஒரு இடத்தில் என் வாதம் மற்ற இடங்களைப் போல இறுக்கமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலையாளத்தில் விஜாகிரி ஏன் என்பதற்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம். அங்கேயும் பழைய கதவுகள் மரக் குடுமியில்தான் சுழன்றன, ஆக உறவு இருந்தது. மாறியது கைதான். கொச்சியில் 1503-ல் போர்ச்சுகீசியக் கோட்டை எழும்பியது. 1663-ல் டச்சுக்காரர் பிடிக்கும்வரை அங்கே கப்பல் வேலை, கோட்டை வேலை, கிடங்கு வேலை, தேவாலய வேலை எல்லாம் ஐரோப்பிய மேஸ்திரிகளின் கீழ் நடந்தன. மேஸ்திரி என்ற சொல்லே அந்தப் பட்டறையின் நினைவு. இரும்புக் கீல் அந்த வேலைத்தலத்தில் கற்றுக்கொண்ட பொருளாக இருந்தால், அதன் பெயரும் அங்கிருந்தே வரும். சாவியைப் பொறுத்தவரை வாசற்கதவில் தாக்கோல் தன் இடத்தை விடவில்லை. யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு சொல்லையும் இந்த அளவுகோல் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆளும் கை அவ்வளவு அருகில் இருந்த ஊரின் கதை தனியே எழுதப்பட வேண்டியது.

கொங்குக்கு மிக நெருக்கமான சோதனை வெட் கிரைண்டர். 1950களில் கோவையில் உருவாகி, பிறகு புவிசார் குறியீடும் பெற்ற இயந்திரம். உள்ளூர்க் கை செய்தது, ஆட்டுக்கல் என்ற உறவும் உண்டு. ஆனால் பெயர் ஆங்கிலம். இது என் வாதத்தைக் கவிழ்க்கிறது என்று சொல்லலாம். இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஊத்துக்குளிப் பக்கத்துப் பாறையிலிருந்து எடுத்துக் கொத்திய பகுதிகள் கல், குழவி. கடையில் வாங்கிப் பொருத்திய பகுதிகள் மோட்டார், பெல்ட், டிரம். ஒரே இயந்திரத்துக்குள் கை மாறும் இடத்தில் மொழியும் மாறுகிறது. விற்பனைக்கு வெளியூர் போன முழுப் பொருளின் பெயரைக் கடை தீர்மானித்தது, கல்லின் பெயரைக் கல் கொத்துபவர் வைத்துக்கொண்டார்.

கலைச்சொல் ஆக்கத்தில் கொங்கு மண்டலம் செய்தது சிறிய காரியம் அல்ல. சேலத்தில் 1916-ல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களைத் தமிழாக்கவென்றே சங்கம் வைத்து இதழ் நடத்தினார்கள். கோவையைச் சேர்ந்த அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. பீளமேட்டில் ஜி.ஆர். தாமோதரன் கலைக்கதிர் நடத்தினார். பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்த 1960-ல், கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு முயன்று பார்க்கப்பட்டது. இவர்கள் உழைப்பால் இயற்பியலும் தாவரவியலும் தமிழில் எழுதக் கூடியவை ஆயின. ஆனால் பட்டறைச் சொற்கள் இந்தப் பாதையில் நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. வகுப்பறைக் கருத்துக்கு நூல்தான் வீடு, ஆகவே நூலாசிரியர் அதற்குப் பெயரிடலாம். கைப்பொருளுக்குப் பட்டறையும் கடையும் வீடு.

இப்போது கோவையில் மரவேலை என்றால் பெரும்பாலும் பிளைவுட் வேலை. மாடுலர் கிச்சன் செய்பவர் கையில் உளியைவிட டிரில்லர் அதிக நேரம் இருக்கிறது. கதவை மூடினால் வெளியே தெரியாத கீல் ஆட்டோ ஹிஞ்ச். இழுப்பறை ஓடும் தண்டவாளம் சேனல். பிடி ஹேண்டில். மேலே ஒட்டுவது மைக்கா அல்லது லாமினேட். இவை அட்டைப்பெட்டியில் பெயர் அச்சடித்து வருகின்றன, அந்தப் பெயரிலேயே பில் போடப்படுகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் சாவிக்கு நடந்தது இப்போது கீலுக்கு நடக்கிறது. கொல்லர் அடித்த வரை கீல் என்று இருந்தது, பெட்டியில் வந்ததும் ஹிஞ்ச் ஆகிறது. இதைத் தமிழ் தேய்வது என்று புலம்புகிறவர்கள் தவறான இடத்தில் குறை தேடுகிறார்கள். வீட்டுக்காரரின் நாவில் குற்றம் இல்லை. கீலுக்குப் பெயர் வைத்த கையிடம் இப்போது கீல் வேலை இல்லை, அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் மட்டும் இன்னும் அசையவில்லை. கடைப் பலகையில் டவர் போல்ட் என்று எழுதியிருந்தாலும் வாங்க வருகிறவர் தாப்பாள் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார், கடைக்காரரும் அதையே எடுத்து வைக்கிறார். இரவில் கதவைச் சாத்தும்போது வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சொல் அது. செய்பவர் கை போய்விட்டது, ஆனால் தினமும் போடுகிறவர் கை இருக்கிறது. நான் சொன்ன இரண்டு காரணங்களோடு இந்த மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: கீலை யாரும் தொடுவதில்லை, தாழ்ப்பாளை எல்லோரும் தொடுகிறார்கள். குடுமிக் கதவு செய்யத் தெரிந்த முதிய ஆசாரிகள் தாராபுரம், காங்கயம் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் வரை, அவர்களிடம் போய் ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக் காட்டிப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையைக் கோவைக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் பொறியியல் துறையும் சேர்ந்தே செய்யலாம். ப்ரோயென்சா பதினேழாம் நூற்றாண்டில் செய்ததும் அதுதான்: கேட்டு எழுதியது.